ஐவரில் ஒருவர்

தீபாவளிக்கு மூன்று வாரங்கள் இருந்த ஒரு சனிக்கிழமை மாலை. லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. லெபோ பாசார் நெடுகிலும் கூடாரக் கடைகள். முறுக்கு வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து வீச, இசைக்கடைகளின் ஒலிபெருக்கிகள் யாரையும் பேசவிடாமல் அலறிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தினிடையே பல்கலைக்கழகச் சட்டையும், கழுத்தில் அடையாள அட்டையும், கையில் அனுமதிக் கடிதமுமாக நாங்கள் ஐந்து பேர் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

பருவ விடுமுறையில் கம்போடியாவின் சியாம் ரீப் வட்டாரத்தில் உள்ள ஒரு கிராமத் தொடக்கப்பள்ளிக்குச் சென்று பத்து நாள்கள் தொண்டு செய்வது எங்கள் திட்டம். நூலக மூலை ஒன்று அமைக்க வேண்டும். தண்ணீர் வடிகட்டிகள் பொருத்த வேண்டும். பிள்ளைகளுக்குக் கைகழுவும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதினான்கு பேர் கொண்ட அந்தக் குழுவிற்கு நான் தலைவி. திரட்ட வேண்டிய தொகை 12,000 வெள்ளி.

புடவைக்கடை அக்கா ஐம்பது வெள்ளி கொடுத்தார். பூக்கடைப் பாட்டி, எண்ணிப் பார்க்காமலேயே சில்லறையை அள்ளி உண்டியலில் போட்டார். மளிகைக்கடை அண்ணன் ஒருவர் மட்டும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அடுக்குமாடியில் இருக்கிற பிள்ளைகளும் இங்கேயே கஷ்டப்படும்போது, கம்போடியாவுக்குப் போய் என்னம்மா செய்யப் போகிறாய் என்றார். என்னிடம் பதில் இல்லை. சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்துவிட்டுப் பத்து வெள்ளியைப் போட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு கூடவே வந்தது.

கால் வலிக்க, ஓர் உணவகத்தில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தோம். கூட்டம் மிகுந்திருந்ததால் முதிய சீனர் ஒருவர் எங்கள் மேசையிலேயே வந்து அமர்ந்தார். பக்கத்து லெபோ கிங்கில் குடியிருப்பவராம். சீனப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். எங்கள் சட்டையில் இருந்த வாசகத்தைப் படித்துவிட்டு மலாயில் விசாரித்தார். விவரம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு துண்டுச் சீட்டில் மூன்று சீன எழுத்துகளை எழுதி என்னிடம் நீட்டினார். உங்கள் இனத்து மருத்துவர் ஒருவரின் பெயர் இது, தெரியுமா என்று கேட்டார். கெ டி ஹுவா என்று படித்தும் காட்டினார். எங்கள் ஐவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் வியந்ததைவிட நான் வெட்கியதே அதிகம்.

அன்றிரவு அந்தச் சீட்டைப் படம் எடுத்து, எங்கள் குழுவில் உள்ள ஒரே சீனத் தோழருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. அவர் தொடக்கப்பள்ளியில் கதைப்புத்தகத்தில் படித்தவராம் அந்த மனிதர். டாக்டர் துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ். சீனர்கள் பள்ளியில் படிக்கும் ஓர் இந்தியரை இந்திய வம்சாவளியினரான நாம் அறியாமல் இருக்கிறோமே என்ற உறுத்தலில்தான் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். தேடித் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷோலாப்பூரிலிருந்து பம்பாய்க்கு

கோட்னிஸ் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஷோலாப்பூர் நகரில் பிறந்தார். நடுத்தரக் குடும்பம். உடன் பிறந்தவர்கள் சகோதரர் இருவர், சகோதரிகள் ஐவர். இத்தனை பேர் உள்ள வீட்டில் ஒரு பிள்ளை மருத்துவம் படிப்பது என்றால் அந்தக் குடும்பம் எவ்வளவு கனவுகளை அவன் தோளில் ஏற்றியிருக்கும் என்பதை நம்மில் பலர் சொல்லாமலே அறிவோம். கோட்னிஸ் பம்பாயின் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது.

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பான் சீனாவின்மீது முழு அளவிலான போரைத் தொடங்கியது. நகரங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. காயமுற்றவர்கள் எண்ணிலடங்கார், மருத்துவர்களோ மிகச் சிலர். சீனாவின் எட்டாவது பாதைப் படையின் தளபதி ஜூ டே, மருத்துவர்களை அனுப்பி உதவுமாறு ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக இருந்தவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அவர் நாட்டு மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். சீன நாள் என்று நாள் குறித்து ஊர் ஊராக நிதி திரட்டினார்கள். 22,000 ரூபாய் சேர்ந்தது. மருத்துவ வண்டி ஒன்றும் மருந்துகளும் மருத்துவர் குழு ஒன்றும் அனுப்புவது என்று முடிவாயிற்று.

இந்த இடத்தைப் படித்தபோது மளிகைக்கடை அண்ணனின் கேள்வி நினைவுக்கு வந்தது. 1938இல் இந்தியா ஒரு சுதந்திர நாடு அன்று. சொந்த நாட்டிலேயே பஞ்சமும் பிணியும் தலைவிரித்தாடின. அன்றும் எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஆயினும் காசு கொடுத்தார்கள். தாமே அடிமைப்பட்டிருந்த மக்கள், இன்னொரு நாடு அடிமைப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. நம் வீட்டுத் துன்பம் தீர்ந்த பிறகுதான் அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்போம் என்றால் எந்த வீட்டுக் கதவும் எந்நாளும் திறக்காது. இதுதான் நான் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று நினைக்கிறேன். அவர் கேள்வியின் மறுபாதி சரியானதே. அதற்கும் பிறகு வருகிறேன்.

ஐவர் கப்பலேறினர்

குழுவிற்கு ஐந்து மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தலைவர் அலகாபாத்தைச் சேர்ந்த மதன் மோகன்லால் அடல். அவர் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் ஏற்கெனவே மருத்துவத் தொண்டு செய்து அனுபவம் பெற்றவர். நாக்பூரைச் சேர்ந்த சோல்கர் வயதில் மூத்தவர். கல்கத்தாவிலிருந்து தேபேஷ் முகர்ஜி. அதே நகரிலிருந்து தேர்வான மற்றொருவருக்குப் பிரிட்டிஷ் அரசு கடப்பிதழ் தர மறுத்துவிட, அவருக்குப் பதிலாகப் பிஜோய் குமார் பாசு சேர்ந்தார். ஐந்தாமவர் நம் கோட்னிஸ்; அப்போது வயது இருபத்தேழு.

அனுபவம் உள்ளவர், மூத்தவர், இளையவர் என்று கலந்து அமைந்த இந்தக் குழுவின் பட்டியலை ஒரு தாளில் எழுதி என் அறைச் சுவரில் ஒட்டினேன். எங்கள் பதினான்கு பேரின் பட்டியலை அதன் பக்கத்தில் ஒட்டினேன். எங்களில் ஒருவர்கூட இதற்கு முன் வெளிநாட்டில் தொண்டு செய்தவர் இல்லை. மறுநாளே முந்தைய ஆண்டுகளில் இத்தகைய பயணம் மேற்கொண்ட முன்னாள் மாணவர்கள் இருவரைத் தேடிப் பிடித்து ஆலோசகர்களாக வரச் சொன்னோம். அவர்கள் முதலில் சொன்னது, நாங்கள் வாங்க நினைத்திருந்த வடிகட்டிக்கு மாற்று உதிரிப்பாகம் அந்தக் கிராமத்தில் கிடைக்காது என்பதே. பழுதானால் அங்கேயே சரிசெய்யக்கூடியதை வாங்குங்கள் என்றார்கள். பட்டியல் ஒட்டியதன் முதல் பயன் அது.

1938 செப்டம்பர் முதல் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ஐவரும் ராஜ்புதானா என்ற கப்பலில் ஏறினர். அந்தக் கப்பல் நம் மலாக்கா நீரிணையைக் கடந்துதான் கிழக்கே சென்றது. ஹாங்காங் வழியாகக் கான்டன் நகரை அடைந்தபோது அவர்களை வரவேற்றவர் சூங் சிங் லிங் அம்மையார். அவர் யார் தெரியுமா? 1910ஆம் ஆண்டு இதே ஜார்ஜ்டவுனில் தங்கியிருந்து சீனப் புரட்சிக்குத் திட்டம் தீட்டிய டாக்டர் சுன் யாட் சென்னின் துணைவியார். சுன் யாட் சென்னின் பினாங்குத் தளமாக விளங்கிய இல்லம் ஆர்மேனியன் ஸ்திரீட்டில் இன்றும் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். நானும் எத்தனையோ முறை அவ்வழியே நடந்திருக்கிறேன், அந்த வீட்டுக்கும் ஓர் இந்திய மருத்துவருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று அறியாமலே.

இன்னோர் உறவும் உண்டு. கான்டனிலிருந்து ஹாங்கோ சென்ற குழு, போர் நெருங்க நெருங்கப் பின்வாங்கிச் சுங்கிங் நகரை அடைந்தது. அங்கே ஐவருக்கும் சீனப் பெயர் சூட்டியவர் பேராசிரியர் தான் யுன் ஷான். இவர் இளமையில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1927இல் மகாகவி தாகூர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தபோது அவரைச் சந்தித்து, அவர் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதன் சென்று, அங்கே 1937இல் சீன பவனம் எழக் காரணமாக இருந்தவர். தாகூர் அந்தப் பயணத்தில் பினாங்குக்கும் வந்தார். தான் யுன் ஷான் ஐவரின் பெயரிலும் ஹுவா என்ற சொல்லைச் சேர்த்தார். ஹுவா என்றால் சீனா. கோட்னிஸ் கெ டி ஹுவா ஆனது அப்படித்தான்.

1939இல் மலாயாவிலும் ஓர் அழைப்பு எழுந்தது. சிங்கப்பூர் வணிகர் தான் கா கீயின் வேண்டுகோளை ஏற்று, நன்யாங் பகுதியிலிருந்து ஏறக்குறைய 3,200 ஓட்டுநர்களும் பழுதுபார்ப்பவர்களும் பர்மா சாலையில் சரக்குந்து ஓட்டத் தொண்டர்களாகச் சென்றார்கள். பினாங்கிலிருந்தும் பலர் சென்றனர். அவர்களுக்கான நினைவுச்சின்னம் ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. தொண்டு செய்ய வெளிநாடு செல்வது நம் காலத்து மாணவர்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை என்பதற்கு இவை போதாதா?

தந்தி வந்த நாள்

சுங்கிங்கில் இருந்தபோதுதான் கோட்னிசுக்கு அந்தச் செய்தி வந்தது. ஷோலாப்பூரில் அவர் தந்தை காலமாகிவிட்டார். நண்பர்கள் ஊர் திரும்பச் சொன்னார்கள். அவர் திரும்பவில்லை. துயரத்தை விழுங்கிக்கொண்டு, குழுவோடு வடக்கே யெனான் நோக்கிப் பயணமானார்.

இனி நான் எழுதப்போவது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று.

எங்கள் குழுவில் பொருளாளராக இருந்த தோழி, புறப்பட ஆறு வாரம் இருக்கும்போது விலகிக்கொண்டாள். அவள் தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய நிலை. அழைத்துச் செல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். நான் அப்போது கோட்னிசின் கதையில் தந்தையின் மரணச் செய்தி வரைதான் படித்திருந்தேன். படித்த சூட்டோடு, தந்தை இறந்த பிறகும் ஊர் திரும்பாமல் கடமையே பெரிதென்று நின்ற ஒருவரின் கதையை அதே குழுவில், எல்லாரும் பார்க்கும்படி எழுதிப் போட்டேன். அவள் பெயரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிடத் தேவையும் இருக்கவில்லை. பத்து நிமிடத்தில் அவள் குழுவிலிருந்து வெளியேறினாள்.

நான் செய்தது சரி என்றே நான்கைந்து நாள்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மொழி என்னும் முதல் மருந்து

1939 பிப்ரவரியில் மருத்துவர்கள் யெனான் சேர்ந்தனர். மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்து அமைத்த குகைகளே அங்கு வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம். மாவோ சே துங் அவர்களை வரவேற்றார். அங்குச் சில மாதங்கள் பணியாற்றிய பின், அவ்வாண்டு இறுதியில் போர்முனைக்குப் புறப்பட்டார்கள்.

இந்தக் காலத்தில் கோட்னிஸ் செய்த ஒரு காரியம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. அவர் சீன மொழியைக் கற்றார். நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும் என்று நின்றுவிடவில்லை. பேசக் கற்றார், எழுத்துகளைப் படிக்கக் கற்றார், கடைசியில் சீன மாணவர்களுக்குச் சீன மொழியிலேயே மருத்துவம் கற்பித்தார். சீன எழுத்தின் கடுமை நமக்குத் தெரியும். பகலெல்லாம் அறுவை சிகிச்சை செய்துவிட்டு இரவில் எழுத்துக் கற்பது எளிய செயலன்று.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, அறிவியல் ஆசிரியை மலாயில் வேகமாகச் சொல்வது பாதி புரியாமல் விழிப்பேன். கேள்வி கேட்டால் விடை தெரிந்திருக்கும், சொல்லச் சொல் வராது. வகுப்பே திரும்பிப் பார்க்கும்போது நான் அறிவில்லாதவள் என்று நானே நம்பத் தொடங்கினேன். ஒருநாள் மலாய் ஆசிரியை ஒருவர் என்னருகே குனிந்து, தண்ணீர் என்பதைத் தமிழிலேயே சொல்லி, அதற்குரிய மலாய்ச் சொல்லையும் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச்சொல் பத்துக்கூட இருக்காது. ஆனால் அன்று அந்த வகுப்பறை எனக்கும் உரியதாயிற்று.

அப்படிப்பட்ட நான், கம்போடியப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த சுவரொட்டிகள் அத்தனையையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன்! கோட்னிசைப் படித்த பிறகு அவற்றைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயிலும் கம்போடிய மாணவர் ஒருவரைத் தேடிச் சென்றோம். வாரம் இரண்டு மாலை அவர் எங்களுக்குக் கெமர் மொழி கற்றுத்தர இசைந்தார். முதல் வகுப்பிலேயே ஒரு வியப்பு. கெமர் எழுத்து, பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்தது என்றார். காஞ்சியிலிருந்து கடல் கடந்துபோன எழுத்தை, மலேசியத் தமிழ் மாணவர்கள் ஒரு கம்போடியரிடம் கற்றுக்கொள்கிறோம்! தெக் என்றால் நீர், டை என்றால் கை, ஓர்குன் என்றால் நன்றி. இருபது சொல் தெரிந்ததும் திட்டமே மாறிவிட்டது. எங்கள் பாடத்தை நாங்கள் நடத்துவதைவிட, அந்தப் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்துவதே முறை என்று புரிந்தது. நாங்கள் பத்து நாளில் திரும்பிவிடுவோம். அவர்கள் அங்கேயே இருப்பார்கள் அல்லவா?

பெத்யூனின் இடத்தில்

வட சீனாவில் வுதாய் மலைப் பகுதியில் டாக்டர் நார்மன் பெத்யூன் என்ற கனடிய மருத்துவர் தொண்டாற்றி வந்தார். அறுவை சிகிச்சையின்போது விரலில் ஏற்பட்ட காயம் நஞ்சாகி, 1939 நவம்பர் 12ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்திற்குத்தான் 1940இல் கோட்னிஸ் வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் எட்டாவது பாதைப் படை பெரும் தாக்குதல் ஒன்றைத் தொடங்கியது. காயமுற்றவர்கள் வந்தவண்ணம் இருந்தனர். பதின்மூன்று நாளில் வந்த 800 பேரில் 558 பேருக்குக் கோட்னிஸ் அறுவை சிகிச்சை செய்தார் என்றும், ஒரு சமயம் 72 மணி நேரம் உறக்கமின்றித் தொடர்ந்து பணியாற்றினார் என்றும் பதிவுகள் கூறுகின்றன. மின்சாரம் இல்லை, மருந்துத் தட்டுப்பாடு, கோவிலும் குடிசையுமே அறுவைக்கூடம். எதிரி நெருங்கினால் நோயாளிகளையும் கருவிகளையும் சுமந்துகொண்டு மலை ஏறி வேறிடம் போக வேண்டும்.

1941 சனவரியில் அவர் பெத்யூன் அனைத்துலக அமைதி மருத்துவமனையின் இயக்குநராக நியமிக்கப்பட்டார். மருத்துவமனையோடு இணைந்த பள்ளியில் பாடம் நடத்தினார். கிராமத்து இளைஞர்களை மருத்துவர்களாக உருவாக்கினார். அவர்களுக்காக அறுவை மருத்துவப் பாடநூல் எழுதினார்; இரண்டாவது நூலைத் தொடங்கி முடிக்குமுன்பே காலம் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஒருவர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? காப்பாற்றக் கற்றவர்களை உருவாக்கினால் அவர் போன பிறகும் பணி நிற்காது. சமூக மேம்பாடு என்று நாம் கருத்தரங்குகளில் பேசுவது இதைத்தான்.

பெத்யூன் நினைவிடத் திறப்பு நிகழ்வில் அவர் குவோ சிங் லான் என்ற தாதியர் பயிற்சி ஆசிரியையைச் சந்தித்தார். இந்தியர் ஒருவர் இவ்வளவு சரளமாகச் சீனம் பேசுகிறாரே என்று அப்பெண்மணி வியந்தாராம். 1941ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் மணந்துகொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில்தான் நம் ஜார்ஜ்டவுன் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன; எங்கோ சீனாவில் நடந்த போர் நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது.

1942இல் கோட்னிஸ் சீனப் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரானார். ஆகஸ்டு மாதம் மகன் பிறந்தான். குழந்தைக்கு யின் ஹுவா என்று பெயரிட்டார்கள். யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா. ஆனால் கடும் உழைப்பாலும் போதிய உணவும் ஓய்வும் இன்மையாலும் அவர் உடல் நலிந்துபோயிருந்தது. வலிப்பு நோய் அடிக்கடி தாக்கியது. சிகிச்சைக்காக வேறிடம் செல்லுமாறு கூறியும் அவர் பணியை விட்டு நகரவில்லை. 1942 டிசம்பர் 9ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்திரண்டு. மகனுக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை.

அவர் கதையைத் தழுவி 1946இல் வி. சாந்தாராம் ஓர் இந்தித் திரைப்படம் எடுத்து, தாமே கோட்னிசாக நடித்தார். சீனா 1982இலும் இந்தியா 1993இலும் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டன. ஷிஜியாசுவாங் நகரில் உள்ள தியாகிகள் நினைவிடத்தில் அவர் கல்லறையும் பெத்யூனின் கல்லறையும் உள்ளன. மகன் யின் ஹுவா மருத்துவம் பயின்றுகொண்டிருந்தபோதே 1967இல் மறைந்தார் என்பது இக்குடும்பத்தின் மற்றொரு துயரம். குவோ சிங் லான் அம்மையார் இந்தியாவிலுள்ள கணவரின் குடும்பத்தோடு உறவைப் பேணி, 2012இல் காலமானார்.

மற்ற நால்வர்

கோட்னிசின் கதை இங்கே முடிந்துவிட்டதாகவே எண்ணி நூலை மூடப்போனேன். அப்போதுதான் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஐவர் போனார்களே, மற்ற நால்வர் என்னவானார்கள்?

முகர்ஜி நோயுற்று 1939இலேயே இந்தியா திரும்பினார். சோல்கரும் அவ்வாண்டே திரும்பினார். தலைவர் அடலும் உடல்நலம் ஒத்துழைக்காமல் பிறகு திரும்பினார். பாசு 1943 வரை யெனானில் பணியாற்றிவிட்டுத் திரும்பினார். பின்னாளில் அக்குபஞ்சர் மருத்துவத்தை இந்தியாவில் அறிமுகப்படுத்திய முன்னோடியாகத் திகழ்ந்தார். ஐவரில் நால்வர் வீடு திரும்பினர். ஆனால் நான் படித்த எந்தப் பக்கத்திலும் திரும்பிய ஒருவரைக் கோழை என்றோ கடமை தவறியவர் என்றோ யாரும் எழுதவில்லை. முகர்ஜி செய்த சில மாதத் தொண்டும் தொண்டுதான். இன்றும் சீனர்கள் ஐந்து பெயரையும் சேர்த்தே நினைவுகூர்கிறார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கோட்னிஸ் ஊர் திரும்பாததை எண்ணிப் பார்த்தேன். அது அவர் தமக்குத் தாமே எடுத்த முடிவு. பிறர்மீது சுமத்திய முடிவன்று. அவர் தந்தையோ இறந்துவிட்டார். என் தோழியின் தந்தை உயிரோடு இருக்கிறார். வாரம் மூன்று நாள் கைப்பிடித்து அழைத்துச் செல்ல அவருக்கு ஒரு மகள் வேண்டும். இரண்டும் ஒன்றாகுமா? ஷோலாப்பூரில் இருந்த தாய், கப்பலேறிய மகனை மீண்டும் பார்க்கவே இல்லை என்பதையும் நான் படித்திருந்தேன். படித்தேனே தவிர, நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு பெரியவரின் வாழ்க்கையை எடுத்து, அடிபட்டுக் கிடந்த தோழியின்மேல் பிரம்பாக வீசிவிட்டேன்.

மறுநாள் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த்தில் உள்ள அவள் வீட்டுக்குப் போனேன். லிட்டில் இந்தியாவில் வாங்கிய ஒரு பெட்டி பலகாரம் கையில் இருந்தது. சிறுநீரக நோயாளி வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்றுகூட யோசிக்கத் தெரியாத தலைவி நான். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. உள்ளே அவள் அப்பா, யாரம்மா வந்திருப்பது, உள்ளே வரச் சொல் என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்காகத்தான் அவள் என்னை உள்ளே விட்டாள் என்று நினைக்கிறேன். அன்று இரண்டு மணி நேரம் அங்கே இருந்தேன். அப்பா தான் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்துக் கதைகளைச் சொன்னார். கிளம்பும்போது அவள், குழுவின் கணக்குப் புத்தகம் தன்னிடமே இருக்கட்டும் என்றாள்.

அவள் எங்களோடு வரவில்லை. ஆனால் கணக்கு முழுவதையும் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறாள். இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் நான்கு மணி நேரத்தில், கெமர்ச் சொற்களை அட்டையில் எழுதித் தருகிறாள். எங்கள் சட்டையின் முதுகில் பதினான்கு பெயர்கள் அச்சிட்டிருக்கிறோம். பதின்மூன்று பேர்தான் பயணம் செய்கிறோம்.

மளிகைக்கடை அண்ணனின் கேள்வியில் மறுபாதி சரி என்று சொன்னேன் அல்லவா? வெளிநாட்டுக் கிராமத்திற்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட நான், ஃபெர்ரி ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருந்த ஒரு வீட்டின் கஷ்டத்தைப் பார்க்கத் தவறினேன். தூரத்துத் தொண்டு பக்கத்துக் கண்ணை மறைத்துவிடக் கூடாது. திரும்பி வந்த பிறகு, எங்கள் குழு கலையாமல் இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் வாரந்தோறும் வாசிப்பு வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். நன்கொடை கொடுத்த கடைகளுக்குக் கணக்கு காட்டப் போகும்போது அண்ணனிடம் அதைச் சொல்ல வேண்டும்.

வருங்காலத்தில் இத்தகைய குழுக்களை வழிநடத்தப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பணம் திரட்டுவதும் பயணச்சீட்டு வாங்குவதும் ஆயத்தத்தில் பாதிதான். போகும் இடத்தின் மொழியில் சில சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் வந்த பிறகும் நிற்கக்கூடிய வேலையைச் செய்யுங்கள். குழுவில் வர இயலாதவரையும் குழுவிலேயே வைத்திருங்கள். இவை மூன்றும் ஒரு பாடநூலிலிருந்து நான் கற்றவையல்ல. முப்பத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதரிடமிருந்தும், அவரோடு கப்பலேறிய நால்வரிடமிருந்தும் கற்றவை.

இவ்விதழ் உங்கள் கைகளுக்கு வரும்போது நாங்கள் சியாம் ரீப் போய்த் திரும்பியிருப்போம். சென்ற வாரம் லெபோ கிங் பக்கம் போய் அந்த முதிய ஆசிரியரைத் தேடினேன். அதே உணவகத்தில் அதே மேசையில் இருந்தார். துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டி, கெ டி ஹுவா என்று நானே படித்தேன். என் உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு, எனக்கும் சேர்த்துத் தே தாரிக் சொன்னார்.